எட்டு வேகனும் மூன்றடிப் பலகையும்

நேற்று இரவு சாப்பிட்ட பிறகு ஒரு சீமெந்து வேகனை வரிசையில் ஐந்தாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவர எனக்கு 40 நிமிடம் பிடித்தது. வேகன் என் சுண்டுவிரல் அளவு. நின்ற இடத்துக்கும் போகவேண்டிய இடத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட வராது. கையால் தூக்கி வைத்தால் ஒரு செக்கன் வேலை. மனைவி கதவடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தூக்கி வைங்களன், ஆர் பாக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒருதரம் கையை வைத்துவிட்டால் பிறகு அந்த மேசையில் எனக்கு வேலையே இல்லை.

வீட்டில் மாதிரி ரயில் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே ஒரு வட்டத்தைத்தான் நினைக்கிறார்கள். கட்டில் அளவு பலகை, அதில் முட்டை வடிவத் தண்டவாளம், சுற்றிச் சுற்றி ஓடும் ரயில், நடுவில் ஒரு குகை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். சுவிசில் இருக்கும் மச்சான் ஒருமுறை மாமாங்கத் திருவிழாவுக்கு வந்தபோது ஒரு பழைய செட் கொண்டுவந்து தந்தான்: சின்ன டீசல் ஷண்டர் (யார்டில் வேகன்களை இழுத்துத் தள்ளி வரிசைப்படுத்தும் எஞ்சின்) ஒன்று, எட்டு வேகன், கொஞ்சம் தண்டவாளம். அன்று பின்னேரமே விறாந்தையில் பாய் விரித்து வட்டம் போட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து குந்தியிருந்து பார்த்தார்கள். முதல் பத்துச் சுற்றுக்கு ஒரே ஆரவாரம். இருபதாவது சுற்றில் பிள்ளைகள் எழுந்து பந்தடிக்கப் போய்விட்டார்கள். நான் தனியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. பிறகு அந்தப் பெட்டி இரண்டு வருடம் அலுமாரிக்கு மேலே கிடந்தது.

எனக்குச் சின்ன வயதில் ரயில் பிடித்ததே அது ஓடுகிறது என்பதற்காக இல்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கள் பழைய வீட்டிலிருந்து மட்டக்களப்பு ஸ்டேசனுக்கு நடந்தே போகலாம். கோச்சி என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வது, பழைய ஆட்கள் இன்றைக்கும் அப்படித்தான். சண்டைக் காலத்தில் கோச்சி வருவதும் நிற்பதுமாக இருந்தது, ஆனால் வந்த நாட்களில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பேன். மாகோவில் பிரிந்து, கல் ஓயா சந்தி (அம்பாறைப் பக்கத்துக் கல்லோயாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு), பொலநறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வந்து எங்கள் ஊரில் பாதை முடிந்துவிடுகிறது. 1928இல் தண்டவாளம் போட்டவர்கள் இங்கேதான் நிறுத்தினார்கள், அதற்கு அப்பால் இன்றுவரை ஒரு அடிகூடப் போகவில்லை. பாதை முடிகிற ஊரில் பிறந்தவனுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. வந்த ரயில் திரும்பிப் போக வேண்டும். முன்னால் இருக்கும் எஞ்சினைக் கழற்ற வேண்டும், அது தனியே முன்னே போய், பாதை பிரிகிற பொயின்டை மாற்றி, பக்கத்துப் பாதையால் பெட்டிகளைக் கடந்து வந்து, மற்றப் பக்கத்தில் மெதுவாக, மிக மெதுவாக முட்டி நிற்க வேண்டும். ஒரு ஆள் இரண்டுக்கும் நடுவில் குனிந்து நின்று கையைக் காட்டிக்கொண்டிருப்பார். "டொக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கடைசிப் பெட்டி வரை ஓடும். பயணிகள் எல்லோரும் மூட்டை முடிச்சோடு போன பிறகுதான் எனக்கு விருந்தே தொடங்கும். அம்மம்மா பொறுமையாக வாங்கில் இருந்து வெற்றிலை போடுவார்.

ஆக எனக்குத் தேவைப்பட்டது வட்டம் இல்லை, எஞ்சினால் பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் இந்த ஷண்டிங். இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு ஆங்கிலேயரின் திட்டம். அலன் ரைட் என்பவர் தன் சின்ன லேஅவுட்டுக்கு, அதாவது மாதிரி ரயில் அமைப்புக்கு, வைத்த பெயர் இங்கிள்நூக் சைடிங்ஸ். இரண்டே இரண்டு பொயின்ட், மூன்று கிளைப் பாதை. நீளமான கிளையில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. மூன்று கிளைகளும் சேர்ந்து ஒரு கழுத்துப் பாதைக்கு வருகின்றன, அந்தக் கழுத்தில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே அடங்கும். மொத்தம் எட்டு வேகன். எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுக்க வேண்டும். எடுத்த வரிசைப்படி ஐந்து வேகனையும் நீளக் கிளையில் கோர்த்து நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் சட்டம். எட்டில் ஐந்தை வரிசையாக எடுக்க 6720 விதம் இருக்கிறது. நாளுக்கு ஒன்று என்று விளையாடினாலும் 18 வருடத்துக்குப் போதும்.

கேட்கும்போது சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். நேற்றைய கதையைச் சொல்கிறேன். நீளக் கிளையில் கழுத்துப் பக்கமிருந்து நெல், எண்ணெய்த் தாங்கி, வைக்கோல், மரம், சீமெந்து என்று ஐந்து நிற்கிறது. சீமெந்து அடியில். அது இரண்டாவதாக வர வேண்டும். முன்னால் உள்ள மூன்றையும் இழுத்துப் பக்கத்துக் கிளையில் தள்ளிவிட்டேன். மிச்சம் இரண்டையும் இழுத்தேன். மரம் எஞ்சினோடு ஒட்டி, சீமெந்து வாலில். இப்போது நீளக் கிளை முழுக்கக் காலி, ஆனால் மற்ற இரண்டு கிளையும் நிறைந்துவிட்டது. அதாவது சீமெந்தை விடக்கூடிய ஒரே இடம் நான் அதை எடுத்த இடம், விட்டால் அது பழையபடி அடியிலேயே போய் நிற்கும். வடிவாக மாட்டிக்கொண்டேன். பிழை இந்த நகர்வில் இல்லை, மூன்று நகர்வுக்கு முன்னால். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கதிரையில் சாய்ந்து, விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் பலகைக்கு முன்னால் நிறுத்தி வைத்த மாதிரிதான், ஆனால் யாரும் அடிக்க வரவில்லை.

இதில் வேகம் கூடாது. என்னுடையது என் ஸ்கேல் (என்னுடைய ஸ்கேல் என்ற அர்த்தத்தில் இல்லை, அதன் பெயரே அதுதான், தண்டவாளம் ஒன்பது மில்லிமீட்டர் அகலம் என்பதால், ஆங்கில நைனிலிருந்து வந்த N எழுத்து). எல்லாமே 160இல் ஒரு பங்கு. நிஜ யார்டில் ஷண்டிங் எஞ்சின் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று வைத்துக்கொண்டால், என் மூன்றடிப் பலகையைக் கடக்க அதற்கு 53 செக்கன் எடுக்க வேண்டும். 53 செக்கன் எவ்வளவு நீளம் என்று ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்து பாருங்கள். முதல் வாரம் என்னால் முடியவில்லை, கை தானாக வேகத்தைக் கூட்டிவிடும். இப்போது அந்த வேகத்தில்தான் ஓட்டுகிறேன். சில்லுகள் ஒவ்வொன்றாகத் தண்டவாள இணைப்பைத் தாண்டும்போது "டிக், டிக்" என்று கேட்கும், அதுவும் கரையோரத்துக் காற்று ஓய்ந்திருக்கும் இரவில்தான்.

பலகை செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் இருக்கிறார்கள். மரக்காலையில் மிஞ்சிய பிளைவூட் துண்டு, நீளம் மூன்றடி, அகலம் ஒன்பது அங்குலம். அதற்கு மேல் புதுக் குளிர்சாதனப் பெட்டியோடு வந்த ரெஜிபோம். தந்திக் கம்பங்களுக்கு ஈர்க்கு. காய்ந்த புல்லுக்குத் தென்னந்தும்பை நறுக்கி ஒட்டியது, பச்சைப் புல்லுக்கு மரத்தூளைச் சாயத்தில் ஊறவைத்துக் காயவைத்தது. இதற்கென்று வெளிநாட்டில் பைக்கற்றில் விற்கும் செயற்கைப் புல்லை மச்சானும் அனுப்பினான், ஆனால் அது இங்கிலாந்துப் புல், நம்ம ஊர்ப் பங்குனிப் புல்லின் நிறம் தும்பில்தான் வருகிறது. வேகனைக் கழற்றுவதற்கும் ஈர்க்குத்தான். நுனியைச் சீவி, இரண்டு கொளுக்கிக்கும் நடுவில் கீழிருந்து நுழைத்து மெல்ல ஒரு எத்து, கழன்றுவிடும். இரும்புக் கம்பியால் செய்தால் தவறித் தண்டவாளம் இரண்டையும் தொட்டு ஷோர்ட் ஆகும், ஈர்க்குக்கு அந்தப் பயம் இல்லை.

நம்ம நாட்டு ரயிலை அப்படியே செய்யலாமே என்று கேட்பார்கள். ஆசை இருக்கிறது. 1954இல் கனடாவிலிருந்து கொழும்புத் திட்டத்தில் வந்த எம்2 எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர் எழுதியவை, அதில் ஒன்றை என் மேசையில் நிறுத்த வேண்டும் என்று கனவுகூடக் கண்டிருக்கிறேன். ஆனால் கணக்கு உதைக்கிறது. நம் பாதை அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். என் ஸ்கேலில் அது பத்தரை மில்லிமீட்டர் வர வேண்டும், கடையில் கிடைப்பதோ ஒன்பது. ஒரு வழி உண்டு: பெரிய சைஸ் செட்டுகளின் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தை வைத்துக்கொண்டு பெட்டிகளை நூறில் ஒரு பங்காகக் கடதாசி மட்டையில் நாமே செய்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். அதற்கு இன்னொரு மேசை வேண்டும். இன்னொரு மேசைக்கு வீட்டில் அனுமதி வேண்டும். அது இப்போதைக்கு நடக்காது, எனவே என் வெளிநாட்டு வேகன்களுக்கு நான் உள்ளூர் வேலை கொடுத்துவிட்டேன். திறந்த வேகனில் வைக்கோல், வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு, அந்த ஆலை வைக்கோலில் கடதாசி செய்த காலத்தில் நான் இருக்கிறேன். மூடிய வேகனில் நெல். இன்னொன்றில் கருவாடு, அதற்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் மகள் மூக்கைப் பொத்துவாள்.

சரி, கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் இப்போது இருப்பது கல்லடியில், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. சைக்கிள் செயினே ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிற இடம். இந்த எஞ்சினுக்குக் கரண்ட் வருவதே தண்டவாளத்திலிருந்து சில்லு வழியாகத்தான், 12 வோல்ட். இடையில் ஒரு மயிரிழை அழுக்குப் படிந்தாலும் எஞ்சின் பொசுக்கென்று நின்றுவிடும். மெதுவாக ஓட்ட ஓட்ட இது கூடும். பழைய பித்தளைத் தண்டவாளம் என்றால் உப்புக்காற்றில் கறுத்து, அந்தக் கறுப்பு கரண்டையும் விடாது. நல்லவேளை என்னுடையது நிக்கல் சில்வர், பெயரில் மட்டும்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நாகமும் நிக்கலும். அதுவும் கறுக்கும், ஆனால் துடைத்தால் போகும். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, பழைய பெனியன் துணியில் நனைத்து, கிழமைக்கு ஒருமுறை துடைப்பேன். துணியில் கறுப்புக் கோடு இரண்டு விழும், அதைப் பார்க்க ஒரு திருப்தி. அரத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அதற்குள் அழுக்கு நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

நான் செய்த முட்டாள்தனம் வேறு. எஞ்சின் கொஞ்சம் கரகரத்தது என்று அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துத் தாராளமாக விட்டேன். ஊசி முனையில் தொட்டு வைக்க வேண்டியதை, தோசைக்கு விடுவது மாதிரி. எண்ணெய் சில்லுக்கு இறங்கி, சில்லிலிருந்து பாதை முழுக்கப் பரவி, எஞ்சின் நின்ற இடத்திலேயே சில்லு மட்டும் சுற்றியது. அதோடு தூசும் சேர்ந்து கறுப்புக் களி. அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, ஒரு சின்ன ஸ்பிரிங்கும் போனது. ஸ்பிரிங் இன்னும் அந்த அறைக்குள்தான் எங்கோ இருக்கிறது.

2022ஐ மறக்க முடியாது. பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றது. எரிபொருள் இல்லாததால் மோட்டார்சைக்கிளும் முற்றத்தில் சும்மா நின்றது. சும்மா நிற்கிற மோட்டார்சைக்கிளில் சும்மா இருக்கிற 12 வோல்ட் பற்றரி. வேகத்தைக் கூட்டிக் குறைக்க லைட் மங்கலாக்கும் சின்னப் போர்ட் ஒன்று, முன்னே பின்னே போக ஆறு கால் சுவிட்ச் ஒன்று, அவ்வளவுதான். முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் நாள் எஞ்சின் பொயின்டில் சறுக்கிக் குறுக்கே விழுந்து ஷோர்ட் ஆனது, நான் குப்பி விளக்கைத் தள்ளி வைப்பதற்குள் வயர் உருகி மணத்தது. பற்றரி என்பது சுவர்ச் சொக்கற்றில் பூட்டும் அடப்டர் இல்லை, அது கேட்ட கரண்டை எல்லாம் அள்ளிக் கொடுக்கும். கராஜ் வைத்திருக்கும் நண்பனிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, மோட்டார்சைக்கிள் சிக்னல் லைட் பல்ப் ஒன்றை எடுத்துத் தந்தான். "இத நடுவில கோர்த்து விடு மச்சான், மறுகா பயமில்ல." 12 வோல்ட், 10 வாட். எஞ்சின் ஓடும்போது பல்ப் எரியாது. ஷோர்ட் ஆனால் உடனே பளீரென்று எரியும், கரண்ட் ஒரு அம்பியருக்கு மேல் போகாது. எச்சரிக்கை விளக்கும் அதுதான், காவலும் அதுதான். இப்போது கரண்ட் ஒழுங்காக இருந்தாலும் அந்தப் பல்பை நான் கழற்றவில்லை. அந்த மாதங்களில் தெருவே இருட்டாக இருக்க, குப்பி விளக்கு வெளிச்சத்தில் வேகன்களின் நிழல் சுவரில் நிஜப் பெட்டி அளவுக்கு விழும். ஒரு பல்லி தினமும் வந்து நெல் வேகன் மேல் படுத்திருக்கும். அதற்கும் கரண்ட் இல்லைதானே, பூச்சி பிடிக்க ரியூப் லைட் வேண்டும்.

ஐந்து வேகனும் சரியாகக் கோர்த்த பிறகு அந்த ரயில் எங்கே போகும் என்று கேட்டது மகள்தான். உண்மையில் எங்கேயும் போகாது, கலைத்துவிட்டு மறுபடி சீட்டு எடுப்பது. அது அவளுக்குச் சரியாகப் படவில்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிப்போட்டு ஏன் அப்பா போகக்கூடாது?" எனவே கழுத்துப் பாதையின் நுனியில் இன்னொரு இரண்டடிப் பலகையைக் கொழுவிவிட்டேன், அதற்கு மேல் சப்பாத்துப் பெட்டி மூடியில் ஒரு கூரை. அது ஏறாவூர். ஏறாவூர் ஸ்டேசன் மாஸ்டர் அவள். ஆனால் கழுத்து நீண்டுவிட்டால் மூன்று வேகன் என்ற சட்டம் செத்துப்போகும், விளையாட்டே போய்விடும். அதற்கு விடை நிஜ ரயில்வேயில் இருந்தது. ஒற்றைப் பாதையில் டப்லட் என்று ஒரு வட்டத் தட்டு இல்லாமல் ரயில் ஸ்டேசனை விட்டு அடுத்த பகுதிக்குள் போகக் கூடாது. இரண்டு ஸ்டேசனிலும் கம்பியால் இணைத்த பொறி இருக்கும், ஒரு தட்டு வெளியே இருக்கும்வரை இன்னொன்று எந்தப் பக்கமும் வெளியே வராது. சாரதி கையை நீட்டி வளையத்தோடு அதை வாங்குவதை ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் டப்லட் மகளின் சிவப்புப் பிளாஸ்ரிக் வளையல். அது என் கையில் இல்லாவிட்டால் எஞ்சின் கழுத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஆக ஷண்டிங் நடக்கும்போது பழைய சட்டம் அப்படியே இருக்கிறது, ரயில் தயாரானதும் நான் மேசையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், அவள் திருப்பி இரண்டு தட்டுவாள், வளையல் வரும்.

இங்கிலாந்தில் பீட்டர் டெனி என்று ஒரு பாதிரியார் இருந்தார், பக்கிங்ஹாம் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் ஒரே லேஅவுட்டைக் கட்டி ஓட்டியவர். அவரும் இப்படித்தான், ஸ்டேசனுக்கு ஸ்டேசன் மணி அடித்துப் பதில் மணி வந்த பிறகுதான் ரயிலை விடுவார். அடுத்த ஸ்டேசனைக் கவனித்த மகன் கிறிஸ்பின் இல்லாத நேரத்துக்கென்று, பதில் மணி அடிக்க ஒரு பொறியே செய்து வைத்து, அதற்கு ஒட்டோமெட்டிக் கிறிஸ்பின் என்று பெயர் வைத்தாராம். முதலில் இதை அறிந்தபோது சிரித்தேன். மகளுக்கு இந்த வருடம் ரியூஷன் கூடிவிட்டது, இப்போது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் இரண்டு தட்டுத் தட்டினேன், பதில் இல்லை. மறுபடி தட்டினேன். "ரயில் விட ஏலாது அப்பா, லைன்ல யானை." எட்டிப் பார்த்தால் இரண்டாவது பலகையில் தண்டவாளத்துக்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் யானை. ஏறாவூரில் ஏது யானை, புனானைப் பக்கம் என்றால் சரி என்றேன். "அது நடந்து வந்திட்டு" என்றாள். யானை தானாகப் போகும்வரை காத்திருந்தோம், கிட்டத்தட்ட அவள் ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டு முடிக்கிற நேரம்.

நேற்று என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. சீமெந்து ஒரு வழியாக இரண்டாவது இடத்துக்கு வந்தது. ஐந்தும் வரிசையாக, சீட்டில் எழுதியபடி. எஞ்சினைக் கொண்டுபோய்க் கோர்த்துவிட்டு மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். பழக்கத்தில் தட்டிவிட்டேன், நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஏறாவூர் ஸ்டேசன் மாஸ்டர் தாயோடு ஒட்டிப் படுத்து நல்ல நித்திரை, வளையல் கையில். மெதுவாகக் கழற்றலாமா என்று குனிந்தேன். மனைவி கண்ணைத் திறக்காமலே, "கழட்டி எடுங்களன், ஆருக்குத் தெரியும்" என்றார்.

லைட்டை நிறுத்திவிட்டு வந்து படுத்தேன். ரயில் விடியும் மட்டும் யார்டிலேயே நின்றது. காலையில் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே வந்து வளையலைத் தந்துவிட்டு, "லேட்டாகிட்டு அப்பா, கெதியா விடுங்க" என்றாள்.